கல்லூரிக்கு வைஃபை: எந்தக் கொட்டேஷனை எடுப்பது?

கேள்வி: எங்கள் கல்லூரி தக்கலை பக்கத்தில் இருக்கிறது. மூன்று மாடி வகுப்பறைக் கட்டடம், கருங்கல் சுவர் நூலகம், தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் விடுதி. வைஃபை போட மூன்று கொட்டேஷன் வந்திருக்கின்றன. மிகக் குறைந்த விலை சொன்னவர், மாடிக்கு ஒரு பெரிய ஆன்டெனா கருவி போதும், ஒரு கிலோமீட்டர் பாயும் என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அவர் கருவியின் சிக்னல் அவ்வளவு தூரம் போகலாம். மாணவர் கையிலுள்ள போனின் சிக்னல் திரும்பி வராது. கலையரங்கில் மைக் பிடித்தவர் பேசுவது கடைசி வரிசைக்குக் கேட்கும், கடைசி வரிசைக்காரர் கேட்கும் கேள்வி மேடைக்கு எட்டாது இல்லையா, அதே கதைதான். போனில் எல்லாக் கோடும் தெரிந்தும் பக்கம் திறக்காமல் சுற்றுவது இதனால்தான்.

தூரத்தை விடுங்கள், ஆட்களை எண்ணுங்கள். 60 பேர் உட்காரும் வகுப்புக்கு ஒரு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னல் தரும் கருவி), அதுவும் அறைக்குள் கூரையில். வராந்தாவில் வைத்தால் கேபிள் மிச்சமாகும், அவ்வளவுதான். கருங்கல் நூலகத்திலும் உள்ளேதான். விளம்பரத் தாளில் ‘500 பேர்’ என்று இருந்தால், அது இணைந்துவிட்டுச் சும்மா இருப்பவர்களையும் சேர்த்த கணக்கு. ஒரே நேரத்தில் வீடியோ ஓடினால் ஒரு கருவிக்கு 30, 40 பேர் என்றுதான் நான் திட்டமிடுவேன். கருவியில் வைஃபை 6 என்ற தலைமுறை உங்களுக்குத் தாராளமாகப் போதும்.

அடுத்தது கேபிள். இதில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். கொட்டேஷனில் ‘கேட் 6’ என்று கேபிளின் தரத்தை மட்டும் எழுதிவிட்டு, செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியை இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதே கேபிள் வழியாகத்தான் ஆக்சஸ் பாயிண்டுக்கு மின்சாரமும் போகிறது. அலுமினியத்தில் மின்தடை அதிகம். கம்பி சூடாகும், கருவி அடிக்கடி அணைந்து எழும். நான் பார்க்கப் போன ஒரு கல்லூரியில் கருவி கெட்டுவிட்டது என்று இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். கெட்டது கேபிள். சுவருக்குள் போன பிறகு யார் பிரித்துப் பார்ப்பது? பெட்டி வந்ததும் ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். ‘முழுச் செம்பு’ என்ற சொல் ஆர்டரிலேயே இருக்கட்டும். ஸ்விட்ச், அதாவது கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டி, அதிலிருந்து கருவி வரை கேபிள் 100 மீட்டரைத் தாண்டவும் கூடாது.

தூரம் பாயும் ஆன்டெனா உண்மையிலேயே தேவைப்படும் ஒரே இடம் உங்கள் விடுதி. அதுவும் தோண்டி ஃபைபர் (ஒளி வழியாகத் தகவல் போகும் கண்ணாடி இழைக் கேபிள்) போட முடியாவிட்டால் மட்டும். தோப்பு கல்லூரியுடையது என்றால் யோசிக்காமல் ஃபைபர் போடுங்கள். ஐப்பசி இடியில் கட்டடத்துக்குக் கட்டடம் போகும் செம்புக் கேபிள் வழியாக மின்னல் தாக்கி ஸ்விட்ச் எரியும், ஃபைபரில் அந்தப் பயம் இல்லை. தோப்பு வேறொருவருடையது, அவர் சம்மதிக்கவில்லை என்றால் இரண்டு மொட்டை மாடிகளிலும் நேருக்கு நேர் ஒரு ஜோடி ஆன்டெனா வைக்கலாம். ஆனால் எதிர்க் கட்டடம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. தென்னை ஓலைக்கு மேலே நன்றாக இடைவெளி வேண்டும். கோடையில் சோதித்துவிட்டு, பிரமாதம் என்று கையெழுத்துப் போடாதீர்கள். நனைந்த ஓலை சிக்னலை விழுங்கும், காற்றில் ஆடும் ஓலை விட்டுவிட்டு மறைக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. மரம் வளரும் என்பதையும் சேர்த்துக் கம்பத்தின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.

லைசென்ஸ் பற்றி ஒரு கேள்வி எழுத்தில் கேளுங்கள்: ஆண்டுச் சந்தா கட்டாவிட்டால் கருவி ஓடுமா, நிற்குமா? சில கருவிகள் நின்றுவிடும். முதல் ஆண்டு விலையை மட்டும் காட்டுபவர்கள் இதை மறைப்பார்கள். ஐந்து ஆண்டுச் செலவைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

குறைந்த விலைக்கே கொடுக்க வேண்டும் என்று தணிக்கையில் கேட்பார்கள் என்பது உங்கள் கவலையாக இருக்கும். இந்த விதிமுறை எத்தனை கல்லூரிகளை மூன்றே ஆண்டில் இரண்டாவது முறை வாங்க வைத்திருக்கிறது! மூன்று பேரும் மூன்று வேறு பொருளுக்கு விலை சொல்லியிருக்கும்போது எது குறைந்த விலை? கருவி எண்ணிக்கை, முழுச் செம்பு, ஐந்தாண்டு லைசென்ஸ் மூன்றையும் நீங்களே எழுதி, புதிதாகக் கொட்டேஷன் கேளுங்கள். அப்போது குறைந்த விலையை எடுப்பதில் தப்பில்லை.

ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு வகுப்பறையில் ஒரு கருவியை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். காலி அறையில் வேண்டாம், 60 பேரும் உட்கார்ந்து, அவர்களில் 30, 40 பேர் வீடியோ ஓட்டும்போது.