வாசகர் கேட்டவை: மரத்தின் உச்சியில் ஓர் அம்மா

சென்ற மாதம் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதும்போது, என் மேசையில் கிடந்த ஈரானிய நாவல் ஒன்றைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருந்தேன். படகில் அவுஸ்திரேலியா போன ஒரு பெண் எழுதியது, செத்துப்போன சிறுமி கதை சொல்கிறாள் என்று. அவ்வளவுதான். அந்த இரண்டு வரிக்குப் பதினொரு கடிதங்கள் வந்திருக்கின்றன. மரவள்ளிக் கிழங்கைப் பற்றி முழுப் பக்கம் எழுதியபோது ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆகவே இந்த மாதம் பக்கங்கள் எல்லாம் அந்த நாவலுக்கே, ஒரு மான் குறுக்கே வருவதைத் தவிர.

● பெயரைக்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே அக்கா. யார் அந்த எழுத்தாளர்? எங்கள் பிள்ளைகள் போன மாதிரியா போனார்?
*– ஆசிரியை ஒருவர், உவர்மலை*

பெயர் ஷொகூஃபே ஆசர். ஷொகூஃபே என்றால் பாரசீகத்தில் மரத்தில் பூக்கும் பூ. 1972 இல் பிறந்தவர். ஈரானில் பத்திரிகையாளராக வேலை பார்த்தார். 2004 இல், வழியில் கிடைத்த வண்டிகளில் ஏறிப் பட்டுப்பாதை முழுவதையும் கடந்தார்; அப்படிக் கடந்த முதல் ஈரானியப் பெண் இவர்தான் என்று நூற்குறிப்பு சொல்கிறது. முதுகில் ஒரு பை, வழியில் யார் ஏற்றினாலும் சரி. நிலாவெளிக்குத் தனியாகப் பஸ் ஏறினாலே நாலு பேர் விசாரிக்கும் ஊரில் இருந்துகொண்டு நான் இதை இரண்டு தரம் வாசித்தேன். எழுத்துக்காகச் சிறை சென்றார். பிறகு நாட்டை விட்டு வெளியேறி, 2011 இல் படகில் அவுஸ்திரேலியா போய் அரசியல் அகதியானார்.

எங்கள் பிள்ளைகள் மாதிரியா என்றால், பாதி ஆம். ஈரானியர் பெரும்பாலும் இந்தோனேசியா வரை விமானத்தில் போய் அங்கிருந்து படகு ஏறினார்கள். அந்நாட்டின் சாவாத் தீவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்மஸ் தீவு ஏறக்குறைய 350 கிலோமீற்றர். எங்கள் பிள்ளைகள் இந்தக் கரையிலிருந்தே புறப்பட்டார்கள். என் தங்கையின் மகன் 2012 இல் பதினேழு நாள் கடலில் கிடந்தான். அந்தப் பயணம் பற்றி அவன் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: சோற்றிலும் டீசல் மணந்தது.

அவன் இப்போது ஒரு தளபாடப் பட்டறையில் வேலை செய்கிறான். அங்கே பக்கத்து இயந்திரத்தில் நிற்பவர் ஈரானியர். அவர் சொல்லித்தான் இந்தப் புத்தகத்தை வாங்கி, இரண்டு துவாய்களுக்கு நடுவில் சுற்றி, பெரியம்மாவுக்குப் பார்சலில் அனுப்பினான். துவாய்களுக்குத்தான் முதலில் நன்றி சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

● நாவலின் பெயரை நல்ல தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?
*– நூலகர், கிண்ணியா*

இது என்னை ஒரு வாரம் படுத்திய கேள்வி. ஆங்கிலத் தலைப்பை அப்படியே கொண்டுவந்தால் 'கிறீன்கேஜ் மரத்தின் ஞானோதயம்' என்று வரும். கிறீன்கேஜ் என்பது பிளம்ஸ் வகையில் ஒன்று, பச்சை நிறம். பிளம்ஸ் என்றவுடன் உங்கள் நாக்கில் இனிப்பு வந்தால் அதைத் துப்பிவிடுங்கள். ஈரானில் வசந்த காலத்தில் இதைக் காயாகவே, உப்புத் தொட்டு, பல் கூசக் கூசக் கடிப்பார்கள். மாலையில் எங்கள் கடற்கரையில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கும் மாங்காயை நினைத்தால் சரியான மரத்தடிக்கு வந்துவிடுவீர்கள்.

அடுத்தது 'ஞானோதயம்'. அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்குப் போதிமரமும் புத்தரும்தான் முன்னால் வந்து நிற்பார்கள். பட்டறை நண்பரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். பாரசீகத் தலைப்பில் உள்ள சொல் 'எஷ்ராக்' என்றார். கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ளவர்களுக்கு அகராதி வேண்டியதில்லை. சூரியன் எழுந்த பின் தொழும் இஷ்ராக் தொழுகையில் உள்ள அதே சொல்தான். விடியல், வெளிச்சம் பரவுதல். 12 ஆம் நூற்றாண்டில் சுஹ்ரவர்தி என்ற பாரசீக ஞானி அந்தச் சொல்லை வைத்து ஒரு தத்துவத்தையே கட்டினார். 1191 இல் சிரியாவின் அலெப்போவில் அவரைக் கொன்றுவிட்டார்கள். ஆக இது அரச மரத்தடி அமைதி அல்ல. ஓர் ஆளுக்குள் வெளிச்சம் ஏறுவது. 'புளிப்புப் பிளம்ஸ் மரத்தில் விடிந்தது' என்று வைத்துப் பார்த்தேன். சிறுவர் கதைத் தலைப்புப் போல இருக்கிறது. உங்களுக்கு வேறு தோன்றினால் எழுதுங்கள்.

● இறந்த பிள்ளை பேசுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். என் மகன் கடைக்குப் போய்வருகிறேன் என்று போனவன். இறந்துவிட்டான் என்று நான் இன்னும் எவருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. அப்படியான புத்தகத்தை நான் வாசிக்கலாமா?
*– ஓர் அம்மா, சாம்பல்தீவு*

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன், அம்மா. வாசிக்கலாம், வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

ஈரானில் மன்னராட்சியைக் கவிழ்த்த 1979 புரட்சி நாட்களில் தெஹ்ரானில் ஒரு வீட்டுக்குத் தீ வைக்கப்படுகிறது. 13 வயது பஹார் அதில் இறக்கிறாள். தந்தை ஹுஷங், தாய் ரோசா, மற்றப் பிள்ளைகள் சொஹ்ராப், பீத்தா எல்லோரும் மாசந்தரான் மலைக்காட்டிலுள்ள ராசான் என்ற ஊருக்கு ஓடுகிறார்கள். பஹாரும் கூடவே போகிறாள். பயமுறுத்துகிற ஆவியாக அல்ல. அந்த வீட்டுப் பிள்ளையாகவே இருந்து, வீட்டுக்கு நடந்ததையெல்லாம் அவளே சொல்கிறாள்.

நாவல் தொடங்கும்போதே நேரம் சொல்லப்படுகிறது: 1988 ஆகஸ்ட் 18, பிற்பகல் 2.35. அந்த நிமிடத்தில் தாய் ஊரின் உயர்ந்த பிளம்ஸ் மரத்தின் உச்சியில் இருக்கிறாள். வெளிச்சம் அவளுக்குள் ஏறுகிறது. அதே நிமிடத்தில் மகன் சொஹ்ராப் சிறையில் தூக்கில் தொங்குகிறான். அவளுக்கு எவரும் செய்தி அனுப்பியிருக்கவில்லை.

மரம் கற்பனை. அந்த ஆண்டு கற்பனை அல்ல. 1988 கோடையில் நாட்டின் உச்சத் தலைவர் கொமெய்னியின் ஆணைப்படி ஈரானியச் சிறைகளில் ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகளைக் கொன்றார்கள். சில நிமிட விசாரணை, பிறகு கயிறு. ஏற்கெனவே விதித்த தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். வீட்டாருக்கு மாதங்கள் கழித்து உடுப்புப் பை மட்டும் கொடுக்கப்பட்டது. உடலில்லை, இடம் சொல்லவில்லை. தெஹ்ரானின் தென்கிழக்கில் காவரான் என்றொரு நிலம் உண்டு. பிள்ளைகள் அங்கேதான் புதைக்கப்பட்டார்கள் என்று தாய்மார் பூக்களோடு போவார்கள். கல் நாட்ட விடுவதில்லை, பல தடவை உள்ளே போகவே விடுவதில்லை.

நான் உத்தியோகத்தில் இருந்தபோது படிவங்களில் 'காணாமற்போனோர்' என்று எழுதுவோம். போனோர் என்றால் அவர்களாகப் போனவர்கள். பின்னர் உங்களைப் போன்ற அம்மாமார் வீதியோரத்தில் உட்கார்ந்து 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுதிப் பிடித்தீர்கள். முப்பது வருட இலக்கண அறிவோடு நான் தவறவிட்ட வினையை நீங்கள் ஒரு மட்டையில் திருத்தி எழுதினீர்கள். அந்தப் புத்தகத்திலும் எவரும் 'போவதில்லை'.

புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. மத்தியானத்துக்குப் பின் நான் வீட்டில்தான். வந்தால், பீத்தா கடற்கன்னியாக மாறும் பகுதியிலிருந்து தொடங்கி, தமிழில் சொல்லிக்கொண்டே போகிறேன். சிறை வரும் இடங்களில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன்.

● திருகோணமலை மான்களைப் பற்றி எப்போது எழுதுவீர்கள்?
*– ஒரு வாசகர், பாலையூற்று*

அவை என் முற்றத்துச் செவ்வரத்தையைத் தின்று முடித்ததும்.

● இணையத்தில் தேடினேன். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் 'அநாமதேயர்' என்று இருக்கிறது. பெயரே இல்லாதவர் பரிசுப் பட்டியலுக்கு வர முடியுமா?
*– பல்கலைக்கழக மாணவர், கோணேசபுரி*

வந்திருக்கிறார், தம்பி. ஆசர் நாவலைப் பாரசீகத்தில் எழுதினார். 2017 இல் அவுஸ்திரேலியாவில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அந்நாட்டுப் பெண் எழுத்தாளர்களுக்கான ஸ்டெல்லா பரிசின் 2018 குறும்பட்டியலிலும், 2020 இல் மொழிபெயர்ப்பு நூல்களுக்கான சர்வதேச புக்கர் பரிசின் குறும்பட்டியலிலும் இடம்பெற்றது. பரிசு வேறொரு நாவலுக்குப் போனது. சர்வதேச புக்கரில் 50,000 பவுண். எழுதியவருக்கும் மொழிபெயர்த்தவருக்கும் சரிபாதி. அப்படி மொழிபெயர்ப்பாளரைச் சமமாக உட்காரவைக்கும் மேடையில் ஒரு கதிரை பெயரில்லாமல் இருந்தது. பாதுகாப்புக் காரணமாகப் பெயர் வெளியிடப்படவில்லை.

இதில் எனக்குச் சொந்தக் கணக்கும் உண்டு. ஓர் அரச அலுவலகத்தில் 31 வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஒரு தாளிலும் என் பெயர் இருக்காது, இருக்கவும் கூடாது. சுனாமிக்குப் பின் வந்த நிவாரணப் படிவமொன்றில் 'அடுத்த உறவினர்' என்று ஆங்கிலத்தை அப்படியே மாற்றி வைத்தேன். வரிசையில் நின்ற ஒரு கிழவர், “அடுத்த வீட்டுக்காரர் பெயரா பிள்ளை?” என்று கேட்டார். அடுத்த வீடும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை அவருக்கு. மறுநாள் 'நெருங்கிய உறவினர்' என்று திருத்தினேன். முதல் நாள் கொடுத்த தாள்களில் பிழை அப்படியே இருந்தது, பெயரில்லாமல். அந்த வசதியை நினைத்து நான் அன்று மகிழ்ந்தேன்.

இந்த நாவலை மொழிபெயர்த்தவரின் பெயரின்மை அந்த வகையல்ல. தெரிந்தால் யாரோ தட்டுவார்கள் கதவை. நல்ல வாக்கியம் ஒன்று வரும்போதெல்லாம் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு. இந்தப் புத்தகத்தில் திருப்பிப் பயனில்லை என்று தெரிந்தும் திருப்பினேன்.

● ஈரானியப் பெண் எழுத்தாளர்களுக்கும் மரங்களுக்கும் என்ன சம்பந்தம்? ஷாஹர்னூஷ் பார்சிபூரின் நாவலிலும் ஒரு பெண் மரமாகிறாளே?
*– வாசகி, தம்பலகாமம்*

நல்ல வாசகி நீங்கள். பார்சிபூர் 1946 இல் தெஹ்ரானில் பிறந்தவர். மன்னர் ஷா காலத்திலும் சிறை, புரட்சிக்குப் பின் நான்கு வருடத்துக்கு மேல் சிறை. 'ஆண்களற்ற பெண்கள்' 1989 இல் வந்ததும் மறுபடி சிறை. 1994 இல் அமெரிக்கா போய்விட்டார். அதில் ஆசிரியை ஒருத்தி கராஜ் நகரத்துத் தோட்டத்தில் தன்னையே நட்டுக்கொள்கிறாள். ஆசரின் அடுத்த நாவலிலும் மரம் விடவில்லை. ஈரானின் பழைய மதத்தவரான சொராஸ்திரியரின் புராணத்து கவ்கரன் மரம் சமையலறை நடுவில் நிற்கிறது.

சம்பந்தம் என்று பெரிதாகக் கட்ட எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். பார்சிபூரின் பெண் மண்ணுக்குள் கால் விடுகிறாள், ஆசரின் தாய் உச்சிக்கு ஏறுகிறாள். முதலாவதை எழுதியவர் அப்போது நாட்டுக்குள் இருந்தார். இரண்டாவதை எழுதியவர் வெளியேறிவிட்டார்.

● என் பேத்தி மெல்பேர்னில் ஆங்கிலத்தில் கதை எழுதுகிறாள். அது எங்கள் இலக்கியமா, அவர்களுடையதா?
*– ஓய்வுபெற்ற தபாலதிபர், மூதூர்*

முதலில் கதை நன்றாக இருக்கிறதா என்று சொல்லுங்கள். ஈரானியரிலும் இரு வகை உண்டு. சிறு வயதில் வெளியேறியவர்கள், எட்டு வயதில் புறப்பட்ட டினா நயேரி போல, ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். ஏறக்குறைய நாற்பது வயதில் போன ஆசர் பாரசீகத்தை விடவில்லை. இதில் விசுவாசத்தைத் தேடாதீர்கள், வயதைப் பாருங்கள்.

எங்களுக்கும் பாரசீகத்துக்கும் இந்தத் தீவிலேயே ஒரு பழைய உறவு இருக்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்த கல்வெட்டொன்று 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. 1409 என்று திகதியிட்டது, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில். அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனம் புத்தருக்கும், தமிழ் தேவுந்துறைத் தென்னாவரம் நாயனாருக்கும், பாரசீகம் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கின்றன. அந்தக் கல்லில் ஆங்கிலம் இல்லை என்பதைப் பேத்திக்குச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பாள். தபாலதிபரான நீங்களும் பஜாருக்குச் சால்வை போட்டுக்கொண்டு போயிருப்பீர்கள். இரண்டு சொல்லும் அங்கிருந்து வந்தவைதான்.

● புத்தகம் இரவல் கிடைக்குமா?
*– நால்வர் கேட்டிருக்கிறார்கள்*

இப்போது நிலாவெளியில் ஒரு தாதியிடம் இருக்கிறது. அவருக்கு இரவு வேலை, மெதுவாகத்தான் முடிப்பார். அடுத்தது கிண்ணியா நூலகர், தலைப்புக்கு நல்ல தமிழ் கொண்டுவந்தால். சாம்பல்தீவு அம்மா வருவதாக இருந்தால் வரிசையை நிறுத்திவிடுவேன், மற்றவர்கள் பொறுக்க வேண்டும். பக்க மூலையை மடிக்கக் கூடாது. வாடைக்காற்று தொடங்குவதற்குள் என் கைக்குத் திரும்ப வேண்டும். என் வீட்டு அலுமாரியில் மட்டும்தான் பூஞ்சணம் பிடிக்காத தட்டு ஒன்று இருக்கிறது.