இங்கிலாந்தில் அப்பாவின் சிகிச்சை பற்றிப் பிள்ளைகளைக் கேட்காமல் டொக்டர்கள் முடிவெடுக்கலாமா?

கேள்வி: அப்பா பக்கவாதம் வந்து லண்டனில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பேச்சு சரியாக வரவில்லை. நான் மூத்த மகன், நெக்ஸ்ட் ஒஃப் கின் (மிக நெருங்கிய உறவு) என்று பெயரும் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் எங்களைக் கேட்காமல் கெயார் ஹோமுக்கு (பராமரிப்பு இல்லத்துக்கு) அனுப்புவது பற்றிக் கதைக்கிறார்கள். குடும்பத்துக்கு ஓர் உரிமையும் இல்லையா?

பதில்:

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நெக்ஸ்ட் ஒஃப் கின் என்ற பெயருக்குச் சட்டத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. ஏதும் நடந்தால் யாருக்கு ஃபோன் எடுப்பது என்பதற்காக வாங்கி வைக்கும் பெயர்தான் அது. மனைவியோ மூத்த மகனோ, வளர்ந்த ஒருவருக்காக 'ஓம்' என்றோ 'வேண்டாம்' என்றோ கையெழுத்து வைக்க முடியாது. ஊரில் டொக்டர் மூத்த பிள்ளையை வெளியே கூப்பிட்டுத்தான் விஷயத்தைச் சொல்லுவார், நோயாளிக்குக் கடைசியாகத்தான் தெரியவரும். அதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இங்கத்தைய முறை அவமரியாதையாகத் தெரிவது எனக்கு நன்றாக விளங்குகிறது.

ஆனால் உரிமையே இல்லை என்பதும் சரியில்லை. இங்கே எல்லாம், முடிவெடுக்கும் ஆற்றல் பற்றிய 2005ஆம் ஆண்டு மென்டல் கப்பாசிட்டி சட்டத்தின்படிதான் நடக்க வேண்டும் (ஸ்கொட்லாந்துக்கு வேறு சட்டம்). அப்பாவால் இந்த முடிவைத் தானே எடுக்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. முடியும் என்றே தொடங்க வேண்டும், முடியாது என்று சொல்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். உண்மையிலேயே முடியாவிட்டால், அவருடைய நலனைப் பார்த்து முடிவெடுப்பவர் அவரைப் பராமரிக்கிறவர்களையும் அவர் மேல் அக்கறை உள்ளவர்களையும் இயன்றவரை கேட்டே ஆக வேண்டும். இது அவர்கள் காட்டும் தயவல்ல, நான்காம் பிரிவில் எழுதியிருக்கிற கடமை. சண்டர்லாந்தில் ஒரு மகனின் கோப்பில், இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்று தாயைக் கேட்காமல் இரவு மூன்று மணிக்கு எழுதி வைத்தார்கள். தாய் வழக்குப் போட்டு 2015இல் வென்றார். அந்த நேரத்தில் ஃபோன் எடுப்பது வசதிக்குறைவாக இருக்கலாம், அதற்காக அது முடியாத காரியம் ஆகிவிடாது என்றது நீதிமன்றம்.

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததே என் அம்மாவால்தான்.

அம்மா தனியாக இருக்கிறவர். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து ஒப்பரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு சிறுநீரில் கிருமித்தொற்று வந்து ஆள் நன்றாகக் குழம்பிப்போனார். "நல்லூர்த் தேருக்கு நேரமாச்சு, என்ரை பட்டுச்சீலையை எடுத்துத் தா" என்று நேர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நிலையில் ஒரு டொக்டர் ஆங்கிலத்தில் நாலு கேள்வி கேட்டு, முடிவெடுக்கும் ஆற்றல் இல்லை என்று எழுதிவிட்டார். அடுத்த கிழமையே சோஷல் வேர்க்கர் கெயார் ஹோம் பட்டியலோடு வந்துவிட்டார்.

ரொரன்ரோவில் இருக்கிற அண்ணா அதற்குச் சம்மதம். "நல்ல இடமாப் பார், காசு நான் தாறன்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பயம் அவருக்கு. அக்காவோ கெயார் ஹோம் என்ற சொல்லைக் கேட்டாலே அழுதார், ஊரில் என்ன சொல்லுவார்கள் என்று. மூன்று பிள்ளைகள், மூன்று பக்கம். அம்மாவை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நான் வார்ட் மனேஜருக்கு எழுத்தில் கொடுத்தேன். கிருமித்தொற்றால் வந்த குழப்பம் தெளியக்கூடியது. தெளிந்த பிறகு, எங்கே இருக்கப்போகிறார் என்ற இந்த ஒரு முடிவைப் பற்றி மட்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்து மறுபடி கேளுங்கள். அதுவரை ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம். சத்தம் போடவில்லை, இவ்வளவுதான் எழுதினேன்.

'நீங்களே மொழிபெயர்க்கலாமே' என்றார்கள். முடியாது என்று சொன்னேன். நான் கேட்டால் அம்மா என் முகத்தைப் பார்த்து, எனக்கு எது சுகமோ அதைத்தான் சொல்லுவார். பிள்ளைக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைக்கிற எந்தத் தாயும் அப்படித்தான். மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வது அரசாங்க சுகாதார சேவையான என்.எச்.எஸ்.ஸின் வேலை, எங்களுக்குச் செலவு கிடையாது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த வேலையைச் செய்யக் கூடாது என்பதில் நான் மிகவும் உறுதி.

அதற்கிடையில் ஒக்குபேஷனல் தெரபிஸ்ட் அம்மாவை வார்ட் சமையலறைக்குக் கூட்டிப்போனார். வீட்டில் தனியாகச் சமாளிப்பாரா என்று பார்க்க ஒரு தேத்தண்ணி போடச் சொல்லுவார்கள், இங்கே அது வழக்கம். மேசையில் டீ பேக், குவளை, ஃப்ரிட்ஜ் பால். அம்மா நடை வண்டியைப் பிடித்தபடி லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டே நின்றாராம். 'வேலையின் ஒழுங்கு விளங்கவில்லை' என்று குறிப்பு எழுதப்பட்டது. அம்மா தேடியது தேயிலை வடியை. அவர் வாழ்நாளில் டீ பேக்கில் தேத்தண்ணி போட்டதில்லை. நான் வீட்டிலிருந்து தேயிலைத்தூள், வடி, அங்கர் பால்மா, இஞ்சித் துண்டு எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்து, இன்னொருமுறை பாருங்கள் என்று கேட்டேன். அம்மா இஞ்சியைக் கரண்டிக் காம்பால் தட்டிப் போட்டு, சாயம் வடித்து, பால்மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, இரண்டு குவளை ஊற்றினார். ஒன்றை அந்தத் தெரபிஸ்ட் பிள்ளையிடம் நீட்டி, "சீனி காணுமோ கேள்" என்றார் என்னிடம். பழைய குறிப்புக்குப் பக்கத்தில் புதுக் குறிப்பு ஏறியது.

குடும்பத்தைக் கேள் என்று சட்டம் சொல்வது இதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். எனக்கு என்ன விருப்பம் என்று கேட்பதற்கல்ல, அம்மா யார் என்று கேட்பதற்கு. 'நாங்கள் பிள்ளைகள், நாங்கள் சொல்வதைச் செய்' என்று போனால் கதவு சாத்தப்படும். 'இவர் இப்படித்தான் வாழ்ந்தவர், இதற்குப் பயப்படுவார், இதை விரும்புவார்' என்று போனால் பேனையை எடுத்து எழுதுவார்கள்.

மொழிபெயர்ப்பாளர் வந்த அன்று அம்மா தெளிவாகச் சொன்னார்: "விழுந்தாலும் நான் என்ரை வீட்டிலை விழுறன்." விழக்கூடும் என்பதும் தெரிந்து, ஹோமில் ஆள் பார்க்கும் என்பதும் தெரிந்து சொன்ன பேச்சு. மற்றவர்களுக்குப் புத்தியில்லாத முடிவாகத் தெரிகிறது என்பதற்காக ஒருவருக்கு ஆற்றல் இல்லை என்று சொல்லக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. காலையும் மாலையும் கெயாரர், குளியலறையில் பிடிகம்பி, கழுத்தில் அழுத்தும் அலாரம் என்று ஒழுங்கு செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

இதை வாசித்துவிட்டு 'வெள்ளைக்காரனின் சட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறாள்' என்று எழுத வருகிறவர்களுக்கு: நான் சட்டத்தரணி இல்லை, என்.எச்.எஸ்.ஸில் வேலை செய்கிறவளும் இல்லை. அம்மா இருப்பது ஹவுசிங் அசோசியேஷனின் வாடகை வீடு. அதில் எனக்கு வரப்போகிற சொத்து ஒன்றுமில்லை. அந்தக் கதையும் சொந்தத்துக்குள் உலாவியதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹோமுக்கு அனுப்புகிற பிள்ளைகளையும் நான் பழிக்கவில்லை. இரவிரவாக எழும்புகிற நோயாளியை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிறவர்களின் நிலை வேறு.

சொல்லாமல் இருக்க முடியாத இன்னொன்று. லண்டனில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றுக்கும் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. வருஷா வருஷம் மண்டபம் பிடித்து இரவு விருந்து, மேடை, பொன்னாடை. அவ்வளவு காசு சேர்க்கிறவர்கள், வார்டில் தனியாகப் படுத்திருக்கிற வயதான ஒரு தமிழரோடு போய்க் கதைக்க வாரத்துக்கு இரண்டு பேரை ஒழுங்கு செய்யக் கூடாதா? அம்மாவின் பக்கத்து வார்டில் ஒரு ஆச்சி நாள் முழுக்க ஒரு சொல் பேச ஆளில்லாமல்தான் கிடந்தார். அந்த ஆச்சியை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊகம் போல மூத்த மகனுக்கு அதிகாரம் வர ஒரு வழி உண்டு, எல்.பி.ஏ. (லாஸ்டிங் பவர் ஒஃப் அட்டோர்னி) என்கிற பத்திரம், தனக்கு முடியாமல் போனால் தனக்காக இன்னார் முடிவெடுக்கட்டும் என்று எழுதிக் கொடுப்பது. சுகாதாரத்துக்கு ஒன்று, காசு சொத்துக்கு ஒன்று என்று இரண்டு வகை. ஆள் தெளிவாக இருக்கும்போது தானே எழுதி, பதிவும் செய்ய வேண்டும். சொலிசிட்டர் கட்டாயமில்லை. அம்மா வீட்டுக்கு வந்ததும் எழுதினோம். மூன்று பிள்ளைகளின் பெயரையும் போடச் சொன்னார், "மூத்தவனை விட்டால் மனம் நோவான்" என்று. உயிர்காக்கும் சிகிச்சை பற்றிய பகுதியைத் தனியாகக் கேட்பார்கள், அதை அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். உங்கள் அப்பாவால் இப்போது அதை எழுத முடியுமா என்பது அவருடைய தெளிவைப் பொறுத்தது.

இப்போதைக்கு வார்டில் எழுத்தில் கேளுங்கள்: இந்த முடிவை எடுப்பவர் யார், அப்பாவின் ஆற்றலை இந்த முடிவுக்கென்று சோதித்தார்களா, எந்த மொழியில், குடும்பத்தோடு கூட்டம் எப்போது. கூட்டத்துக்குப் போகுமுன் நீங்கள் சகோதரங்கள் ஒன்றாக இருந்து கதைத்துவிட்டுப் போங்கள். வீட்டில் நீங்கள்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால், 2014 கெயார் சட்டப்படி பராமரிப்பவருக்கான மதிப்பீட்டைக் கவுன்சிலிடம் கேட்கலாம். காசு விஷயத்தையும் பாருங்கள்: 23,250 பவுணுக்கு மேல் கையிருப்பு இருந்தால் ஹோம் செலவு அப்பாவின் தலையில், சில நேரம் அவர் பெயரிலுள்ள வீட்டையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்கள்.

முக்கியமாக ஒன்று. பக்கவாதத்தில் பேச்சு போனால் புத்தியும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. தலையாட்டல், படம், எழுத்து, கைவிரல் எதை வைத்தும் அப்பாவைக் கேட்கலாம், கேட்க முயல வேண்டியது அவர்கள் கடமை. ஸ்பீச் தெரபிஸ்டும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் ஒன்றாக வந்து அப்பாவோடு இருந்தார்களா என்று நாளைக்கே கேளுங்கள். இல்லையென்றால், அது நடக்கும்வரை கெயார் ஹோம் பேச்சை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.