வண்டி கேள்வி, வண்டி பதில்: பழைய ஜப்பானிய கார்கள்

கேள்வி: 1972 மாடல் டாட்சன் 240 இசட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இன்ஜின் நன்றாக ஓடுகிறது, பெயின்ட் புதிது. வேறு என்ன பார்க்க வேண்டும்? (வாசகர், சான் ஹோசே)

பதில்: புதுப் பெயின்ட் என்றாலே உள்ளே என்ன இருக்கிறது என்ற சந்தேகம் வர வேண்டும். அந்த வண்டியின் எல்24 இன்ஜின் லேசில் கெட்டுப்போகாது. கெட்டாலும் உதிரிபாகம் கிடைக்கும், பிரித்துப் பூட்டிவிடலாம். 240 இசட்களைக் கொன்றது துருதான். ஆகவே இன்ஜினைக் கடைசியில் பாருங்கள்.

பானட்டைத் திறந்ததும் பேட்டரி தட்டைப் பாருங்கள். வழிந்த ஆசிட் முதலில் தட்டைத் தின்னும், அடுத்து அதற்குக் கீழே ஓடும் ஃபிரேம் ரெயிலை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தைத் தின்னும். தட்டை மட்டும் புதிதாகப் போட்டு, ரெயிலை அப்படியே விட்ட வண்டிகள் நிறைய உண்டு. கீழே இருந்து டார்ச் அடித்துப் பார்க்காமல் விடாதீர்கள்.

அடுத்தது, பலர் மறந்துவிடும் இடம். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் கிரில் இருக்கிறதே, அதன் வழியே இறங்கும் மழைநீர் இரண்டு பக்கமும் ஃபெண்டருக்குப் பின்னால் வடிந்து வெளியேற வேண்டும். இலை, தூசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தங்கி, யார் கண்ணுக்கும் படாமல் தகரத்தை அரிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கிரிலில் மெதுவாக ஊற்றுங்கள். முன் சக்கரங்களுக்குப் பின்னால் உடனே கொட்டினால் நல்லது. உள்ளே கால்மிதிக் கம்பளம் நனைந்தால் ஓட்டை விழுந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய ஃபெண்டரைக் கழற்றி, பல இடங்களில் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். கூலி கனமாகும்.

பிறகு கம்பளத்தை எடுத்து, தரைத் தகரத்தை மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். கதவுக்கு அடியிலும், பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள வளைவிலும் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் இருப்பது தகரம் அல்ல, பட்டி. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும் பின் கதவின் ரப்பரையும் கவனியுங்கள். அந்த ரப்பரோ, பின் விளக்கின் கேஸ்கட்டோ கெட்டிருந்தால் ஓடும்போது புகை வண்டிக்குள் இழுக்கும். இந்த மாடலின் பழைய நோய் இது. கார்பன் மோனாக்சைடு விஷயம் என்பதால் அலட்சியம் வேண்டாம்.

பேட்டரி தட்டும் தரையும் மட்டும் போயிருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாம். கதவுக்கு அடிப்பகுதியும் கிரிலுக்குக் கீழ்ப்பகுதியும் சேர்ந்து போயிருந்தால் வாங்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இன்னொன்று: 1973 மாடல் என்று யாராவது காட்டினால் கார்புரேட்டரைப் பாருங்கள். புகைக் கட்டுப்பாட்டுக்காக அந்த ஆண்டு போட்ட தட்டைத் தலை கார்புரேட்டர்கள் ட்யூனிங்குக்கு நிற்காது. அவற்றைக் கழற்றிவிட்டு, 1970 முதல் 72 வரை வந்த உருண்டைத் தலை ஜோடியைப் பூட்டியிருந்தால் அது குறை இல்லை, நல்லதுதான்.

கேள்வி: லாங் பீச் கண்காட்சிக்கு என் 240 இசட்டை ஓட்டிப் போகிறேன். நுழைவு வரிசையில் ஊர்ந்து போகும்போது இன்ஜின் தடுமாறுகிறது. நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் பிடிப்பதில்லை. டெம்பரேச்சர் முள் சரியாகவே இருக்கிறது. (வாசகர், லாஸ் ஏஞ்சலஸ்)

பதில்: முள் சரியாக இருப்பதால் ரேடியேட்டரைத் தொடாதீர்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் கொதிக்கிறது. எல்24 இன்ஜினில் காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியே வரும் வழியும் ஒரே பக்கம். கார்புரேட்டர்களுக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது சூடான புகை வெளியேறும் குழாய்த் தொகுதி. வண்டி ஓடும்போது காற்று சூட்டை அடித்துக்கொண்டு போகும். வரிசையில் நிற்கும்போது சூடு மேலே ஏறும். இன்ஜினை நிறுத்தியதும் விசிறியும் நின்றுவிடும், பெட்ரோலும் ஓடாது, அப்போதுதான் நிலைமை மோசமாகும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் சீக்கிரம் ஆவியாவதால் தொல்லை கூடியிருக்கிறது.

முதலில் மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே கம்பெனி போட்ட தகரத் தடுப்பு இருக்கிறதா பாருங்கள். யாரோ எப்போதோ கழற்றி, திரும்பப் பூட்டாமல் விட்டிருப்பார்கள். அடுத்து, டேங்குக்குப் பெட்ரோல் திரும்பும் குழாய். அதை அடைத்துவிட்டால் பெட்ரோல் சுழலாமல், கார்புரேட்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் ரெயிலிலேயே நின்று கொதிக்கும், எனவே அது திறந்திருக்க வேண்டும். ரெயிலுக்கு வெப்பம் தாங்கும் உறை சுற்றுங்கள். கார்புரேட்டருக்கு அடியிலுள்ள இன்சுலேட்டர் விரிசல் விட்டிருந்தால் மாற்றுங்கள். பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுவதையும் அதே நாளில் முடித்துவிடுங்கள்.

கண்காட்சியில் நிறுத்தியவுடன் பானட்டைத் திறந்து வையுங்கள், எப்படியும் திறக்கத்தானே போகிறீர்கள். சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் செய்ய ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்து அப்படியே பிடியுங்கள். இந்த வகை கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டர் பம்ப் கிடையாது, மிதித்து மிதித்து விட்டால் ஒரு பயனும் இல்லை. சோக்கை இழுக்கவே கூடாது.

கேள்வி: அதே எல்24 இன்ஜின். மேலிருந்து டிக் டிக் சத்தம். மெக்கானிக் வால்வு இடைவெளியை இறுக்கிச் சத்தத்தை நிறுத்திவிட்டார். சரிதானா? (வாசகர், சிட்னி)

பதில்: சரியில்லை. லேசான சத்தம் இந்த இன்ஜினின் இயல்பு. இறுக்கினால் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும். ஆறிய இன்ஜினில் இன்டேக் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.25. சூடான இன்ஜினில் 0.25, 0.30. சுழலும் கேமின் மூக்கு, வால்வை அழுத்தும் ராக்கர் கைக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும்போது கேமுக்கும் ராக்கருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை விட்டு அளக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது அளவு நகரும், அதனால் இறுக்கிய பிறகு கட்டாயம் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இந்த ராக்கர்கள் கேம்மேல் உருளுவதில்லை, உராய்ந்தே ஓடுகின்றன. புதுக் கார்களுக்கான ஆயிலில் துத்தநாகச் சேர்க்கை குறைவு, கேம் தேய்ந்துவிடும். பழைய இன்ஜின்களுக்கென்று விற்கும், துத்தநாகம் அதிகமுள்ள ஆயிலையே ஊற்றுங்கள்.

கேள்வி: யோகோஹாமாவில் நடக்கும் நாஸ்டால்ஜிக் 2 டேஸ் கண்காட்சிக்குப் போகிறேன். ஹகோசுகா என்று அழைக்கப்படும் பழைய நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் அசலா, வேஷம் போட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: வெளித்தோற்றத்தை நம்ப முடியாது. சாதாரண ஸ்கைலைனின் பக்கவாட்டில் பின் சக்கரத்துக்கு மேல் ஒரு கோடு ஓடும். இரண்டு கதவு ஜிடி-ஆரில் அகலமான டயருக்காக அந்த இடம் வெட்டப்பட்டு, மேலே கறுப்பு விளிம்பு பூட்டியிருக்கும். அதை யாரும் வெட்டிப் பூட்டலாம். பானட் திறந்திருந்தால் இன்ஜினைப் பாருங்கள். அசலில் இருப்பது எஸ்20: 1989 சிசி, ஆறு சிலிண்டர், 24 வால்வு, இரட்டைக் கேம், 160 குதிரைத்திறன். அதில் கார்புரேட்டர்கள் ஒரு பக்கம், எக்ஸாஸ்ட் எதிர்ப்பக்கம். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் அது எல்24 போன்ற எல் வகை இன்ஜின், அசல் இல்லை.

எஸ்20 இன்ஜினையும் வாங்கிப் பூட்டலாம் என்பதால் கடைசிச் சாட்சி ஷாஸி எண்தான். 1969-இல் வந்த நான்கு கதவு ஜிடி-ஆர் என்றால் பிஜிசி10, 1970-இல் வந்த இரண்டு கதவு என்றால் கேபிஜிசி10 என்று தொடங்க வேண்டும். கேஜிசி10 என்றிருந்தால் அது ஜிடி-ஆராகப் பிறந்த வண்டி அல்ல. நகல் வண்டி வைத்திருப்பதில் தவறில்லை, மிக நேர்த்தியானவை இருக்கின்றன. ஆனால் முன்னால் வைக்கும் அட்டையில் அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நிறுத்துவது, அசலைப் பல பத்தாண்டுகள் காப்பாற்றி வைத்திருப்பவருக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: ஜப்பானிலிருந்து பழைய காரை இறக்குமதி செய்ய எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும்? (வாசகர்கள், டொராண்டோ, கோயம்புத்தூர்)

பதில்: கனடாவில் 15 ஆண்டு, அமெரிக்காவில் 25. இரண்டிலும் தயாரித்த மாதத்திலிருந்து கணக்கு. இந்தியாவில் 2025 முதல் 50 ஆண்டு கடந்த வண்டிகளைக் கொண்டுவர வழி பிறந்திருக்கிறது, ஆனால் வரிகளைக் கூட்டினால் காரின் விலையைத் தாண்டிவிடும். 2021 விதிப்படி விண்டேஜ் பதிவுக்கு 20,000 ரூபாய். எண் பலகையில் விஏ என்ற எழுத்துகள் வரும், தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கோவை வாசகருக்கு ஒரு வார்த்தை: அமெரிக்க 240 இசட் இடது ஸ்டியரிங். அதே வண்டி ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் வலது ஸ்டியரிங்கோடு விற்றது, அதைத் தேடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை 2 லிட்டர், 2.4 லிட்டர் வண்டி அங்கே 1971 கடைசியில்தான் விற்பனைக்கு வந்தது.

கேள்வி: ஏஇ86 கொரோலாவுக்கு கம்பெனி உதிரிபாகம் இன்னும் வருகிறதா? (வாசகர், கொழும்பு)

பதில்: சில வருகின்றன. டொயோட்டா 'ஜிஆர் ஹெரிடேஜ் பார்ட்ஸ்' என்ற பெயரில் 2000ஜிடி, சுப்ரா, ஏஇ86 ஆகியவற்றுக்கு நின்றுபோன பாகங்கள் சிலவற்றை மறுபடி தயாரிக்கிறது. பட்டியல் சிறிது. டேஷ்போர்டு, விளக்குக் கண்ணாடி, உள்ளலங்காரப் பிளாஸ்டிக் போன்றவைதான் கிடைப்பது கடினம். ஆகவே வாங்கும்போது இவை முழுதாக உள்ள வண்டியைத் தேர்ந்தெடுங்கள். ஏஇ86-இன் 4ஏ-ஜிஇ இன்ஜின் பாகங்களுக்கு அவ்வளவு அலைய வேண்டியிருக்காது.