ரீ-ரிலீஸ் படத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் எம்.ஜி. கொடுக்கலாமா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். 420 சீட் உள்ள தியேட்டரை லீசுக்கு எடுத்து ஒன்றரை வருஷமாக நடத்துகிறார். புதுப்படம் இல்லாத வாரங்களில் கரண்ட் பில் கட்டவே கை கடிக்கிறதாம். ஏஜென்ட் ஒருவர் தொண்ணூறுகளில் வந்த ஒரு பெரிய ஹீரோ படத்தை ‘4கே பண்ணியிருக்கு, ஒரு வாரத்துக்கு 1,20,000 எம்.ஜி. கொடுங்க, பெட்டியைத் தர்றேன்’ என்கிறார். எம்.ஜி. என்றால் மினிமம் கியாரண்டி, படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முன்னாலேயே கட்ட வேண்டிய தொகை. பெட்டி என்றால் இப்போது படத்தின் டிஜிட்டல் காப்பி. தம்பி தயங்கியதும் போனில் ஒரு போட்டோவை நீட்டி, ‘டைட்டானிக் 226 கோடி டாலர், பழைய படத்துக்கு உலகம் முழுக்க இதுதான் நிலவரம்’ என்றாராம். ‘அண்ணா, அங்கே ஓடுவது இங்கேயும் ஓடுமா? காசைக் கட்டலாமா வேண்டாமா?’ என்பது கேள்வி.

1,20,000 கட்டாதீர்கள். அதற்காக அந்தப் படத்தையே விட்டுவிடவும் வேண்டாம்.

முதலில் அந்த 226 கோடி டாலர் சமாசாரத்தைப் பிரித்துவிடுவோம், ஏனென்றால் ஏஜென்ட்டுகள் எல்லோரும் இப்போது இதைத்தான் நீட்டுகிறார்கள். அதில் சுமார் 184 கோடி டாலர், 1997 கடைசியில் ரிலீஸாகி அடுத்த வருஷம் முழுக்க ஓடிய முதல் ஓட்டத்தில் வந்தது. 2012-ல் 3டி ஆக்கி மறுபடி விட்டபோது வந்தது சுமார் 34 கோடி டாலர். 2023 காதலர் தின வாரத்தில் மறுபடி விட்டபோது ஏறக்குறைய 7 கோடி. அதாவது மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு பழைய கணக்கு. அந்த 34 கோடியிலும் 14 கோடிக்கு மேல் சீனாவில் மட்டும் வந்தது. அங்கே 1998-ல் இருந்த தியேட்டர் எத்தனை, 2012-ல் புதிதாய் முளைத்திருந்த 3டி திரைகள் எத்தனை! முதல் தடவை டிக்கெட் வாங்க வழியில்லாதவர்கள், அல்லது அப்போது பிறக்கவே பிறக்காதவர்கள், 3டி-க்கான கூடுதல் டிக்கெட் விலையையும் கொடுத்துப் பார்த்தார்கள். 3டி ஆக்கவே 1.8 கோடி டாலர் செலவு செய்திருந்தார்கள். உங்கள் ஏஜென்ட் கையில் இருப்பது அந்த மாதிரிச் சரக்கு இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். 2021-ல் சீனாவில் அவதார் மறுபடி வந்து சுமார் 5.7 கோடி டாலர் சேர்த்து, அவெஞ்சர்ஸ் எண்ட்கேமிடமிருந்து உலக வசூலில் முதலிடத்தைத் திரும்பப் பிடித்தது. படம் நல்ல படம்தான், யார் இல்லை என்றது? ஆனால் கொரோனாவுக்குப் பிறகு அங்கே தியேட்டர் திறந்திருந்தது, ஓட்டுவதற்குப் பெரிய ஹாலிவுட் புதுப்படம் போதவில்லை. காலியாகக் கிடந்த இடத்தில் பழைய படம் உட்கார்ந்துகொண்டது. நம் ஊரில் 2024-ல் கில்லி ஓடியதும் ஏறக்குறைய இதே கதை. ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் பதிவு, மறுநாள் 20-ஆம் தேதி சனிக்கிழமை ரிலீஸ். தேர்தலுக்குப் பயந்து பெரிய படம் எதுவும் வரவில்லை, அதற்கு முன் நாலு மாசமாகவே தமிழில் பெரிசாக எதுவும் எடுபடவில்லை, மலையாளப் படத்தைத்தான் நாம் தமிழ்நாடு முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தோம். கில்லி முதலில் வந்த 2004-ல் கைக்குழந்தையாக இருந்தவன் 2024-ல் காலேஜ் பையன், டிவியில் நூறு தடவை பார்த்தவன், தியேட்டரில் ஒரு தடவைகூடப் பார்க்காதவன். அவன்தான் டிக்கெட் வாங்கினான்.

ஆகவே ‘படம் எவ்வளவு பெரிய ஹிட்’ என்று கேட்காதீர்கள். ‘இதைத் தியேட்டரில் பார்க்காமல், பார்க்க ஆசைப்படுகிறவன் என் ஊரில் எத்தனை பேர்’ என்று கேளுங்கள். அதனால்தான் முதல் ரிலீஸில் அடிவாங்கிய படங்கள்கூட இப்போது எழுந்து நிற்கின்றன. தும்பாட் என்ற இந்திப் படம் 2018-ல் சம்பாதித்ததைவிட 2024 செப்டம்பரில் மறுபடி வந்தபோது அதிகம் சம்பாதித்தது. 2016-ல் சத்தமில்லாமல் போன சனம் தேரி கசம் 2025 பிப்ரவரியில் பழைய வசூலைப் பல மடங்கு தாண்டியது. இரண்டையும் மக்கள் வீட்டில் உட்கார்ந்து போனில் பார்த்துவிட்டு, ஐயோ தியேட்டரில் விட்டுவிட்டோமே என்று வந்தார்கள். பெரிய ஹிட் படமோ, ஊரே தியேட்டரில் பார்த்து முடித்தது. அந்த வயசுக்காரர்கள் இப்போது இரண்டாம் ஆட்டத்துக்கு வரமாட்டார்கள், முட்டி வலிக்கும்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். டிக்கெட் 100 ரூபாய். நூறு வரைக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18, அதனால் 110, 120 வைக்க நினைக்காதீர்கள். உள்ளாட்சி வரியும் போக டிக்கெட்டுக்கு 90 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தியேட்டரைத் திறந்து மூட ஒரு நாளைக்கு 9,000 ஆகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வாரத்துக்கு 63,000. எம்.ஜி.யையும் சேர்த்தால் 1,83,000. தொண்ணூறால் வகுத்தால் 2,033 டிக்கெட். 28 காட்சிக்குப் பிரித்தால் காட்சிக்கு 73 பேர். 420 சீட்டில் 73 பேர்தானே, கண்ணை மூடிக்கொண்டு வருவார்கள் என்று ஏஜென்ட் சொல்வார். சராசரி என்கிற வார்த்தை நம் தொழிலில் நிறையப் பேரைக் கவிழ்த்திருக்கிறது.

நான் பார்த்த வரைக்கும் நம் என்.எஸ்.சி. ஏரியாவில் (வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு சேர்ந்த விநியோக ஏரியா), வேலூரை விட்டு வெளியே, இந்த மாதிரிப் படத்துக்கு வரும் கூட்டம் எப்படி இருக்கும் தெரியுமா? வெள்ளிக்கிழமை ரசிகர் மன்றப் பையன்கள் புண்ணியத்தில் நாலு காட்சிக்கும் சேர்த்து 700 பேர். சனி 400. ஞாயிறு 500. திங்கள் விடிந்ததும் கூட்டம் படுத்துவிடும், திங்களிலிருந்து வியாழன் வரை நாலு நாளுக்கும் சேர்த்து 190 வந்தால் அதிசயம். கூட்டினால் 1,790. உங்களுக்குத் தேவை 2,033. ஏறக்குறைய 22,000 ரூபாய் கையைவிட்டுப் போகும், இத்தனைக்கும் படம் ‘ஓடியிருக்கும்’, ஏஜென்ட் அடுத்த தியேட்டர்காரரிடம் உங்கள் வெள்ளிக்கிழமை போட்டோவைத்தான் காட்டுவார்.

இதையே மூன்று நாளைக்கு மட்டும், வரி போக வருவதில் ஆளுக்குப் பாதி என்று பேசுங்கள். 1,600 டிக்கெட், 1,44,000 ரூபாய், உங்கள் பங்கு 72,000. மூன்று நாள் செலவு 27,000 போக 45,000 நிற்கும், கேன்டீனும் பார்க்கிங்கும் தனி. திங்கள் முதல் வியாழன் வரை எதை ஓட்டுவது என்றால், மூன்றாவது வாரத்துப் புதுப்படம் ஏதாவது ஷேரில் கிடைக்கும், எதுவுமே கிடைக்காமல் சம்பளம் கொடுத்துவிட்டு மூடி வைத்தாலும் அந்தக் கணக்கைவிட மோசமாகாது. ஏஜென்ட் முதலில் முறுக்குவார். ‘எம்.ஜி. இல்லாம யாருக்கும் தர்றதில்லை’ என்பார். புதன்கிழமை சாயங்காலம் வரை போனை எடுக்காமல் இருந்து பாருங்கள்.

எந்த வெள்ளிக்கிழமை என்பதும் முக்கியம், படத்தைவிட அதுதான் முக்கியம் என்றுகூடச் சொல்வேன். பெரிய ஹீரோவின் பிறந்தநாள் வாரம், அதே வாரம் அவருடைய புதுப்படம் இல்லாமல் இருந்தால். தெலுங்கில் 2022-ல் மகேஷ் பாபு பிறந்தநாளுக்குப் போக்கிரியும், அடுத்த மாதம் பவன் கல்யாண் பிறந்தநாளுக்கு ஜல்சாவும் போட்டு இந்த வழக்கத்தை ஒரு திருவிழாவாகவே ஆக்கிவிட்டார்கள். நீங்கள் சித்தூர் எல்லையில் இருக்கிறீர்கள், உங்கள் ஊரில் தெலுங்குப் படத்துக்கு என்று ஒரு கூட்டம் எப்போதும் உண்டு, அதை ஏன் யோசிக்கவில்லை? அப்புறம் வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. சுற்றுப்பட்டுக் கிராமமே குடியாத்தத்தில் இறங்கியிருக்கும், அந்த ராத்திரி எந்தப் படம் போட்டாலும் செகண்ட் ஷோவுக்கு ஆள் உட்காருவார்கள். வேலூரில் தியேட்டர் வைத்திருக்கிறவருக்கு நான் வேறு மாதிரிச் சொல்வேன். அங்கே வி.ஐ.டி. பையன்கள் இருக்கிறார்கள், பாதிப் பேர் வடக்கத்தியவர்கள், இந்தியோ இங்கிலீஷோ போட்டால் காட்பாடிப் பக்கம் நிரம்பும், ஆனால் செமஸ்டர் லீவு விட்டுவிட்டால் ஈயாடும். உங்களுக்கு அது உதவாது.

காட்சி எண்ணிக்கையிலும் ஆசைப்படாதீர்கள். சென்னையில் ஒரு மால் தியேட்டரில் விண்ணைத்தாண்டி வருவாயா ஆயிரம் நாளுக்கு மேல் ஓடியதே, அது தினம் ஒரே ஒரு காட்சி. நாலு காட்சி போட்டிருந்தால் நாலாவது நாளே தூக்கியிருப்பார்கள்.

பேரம் முடிந்தாலும் சரக்கை உங்கள் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 4கே என்று போஸ்டரில் அடிப்பது ரொம்பச் சுலபம். 2012-ல் கர்ணன் வந்ததே, 1964-ஆம் வருஷத்துப் படம், சிதைந்து கிடந்த நெகட்டிவைத் தேடிச் சுத்தம் பண்ணி, சத்தத்தைத் தனியாகச் சரிசெய்து விட்டார்கள், சென்னையில் 100 நாள் தாண்டி ஓடியது. அது உழைப்பு. சில பேர் செய்வது பழைய டிவி காப்பியை இழுத்துப் பெரிசாக்குவது. பெட்டியை சர்வரில் ஏற்றி, நடுப்படத்தில் ராத்திரிக் காட்சி ஒன்றையும் ஒரு பாட்டையும் ஓட்டச் சொல்லுங்கள். முன்வரிசையில் போய் நில்லுங்கள். ஹீரோ முகம் மெழுகு பூசியது மாதிரி வழவழவென்று இருந்தால், கறுப்புச் சட்டைக்குள் கட்டம் கட்டமாக நெளிந்தால், அது டிவி காப்பி. பாட்டு நடு ஸ்பீக்கரில் மட்டும் வந்து பக்கத்துச் சுவர் ஊமையாக இருந்தால் அதையும் சொல்லி விலையைக் குறையுங்கள்.

பேப்பரையும் பாருங்கள். டிவி ரைட்ஸ் வைத்திருப்பவர் தியேட்டரில் ஓட்ட முடியாது, தியேட்டர் உரிமை யாரிடம் என்பதற்குத் தயாரிப்பாளர் கொடுத்த கடிதம் வேண்டும். சென்சார் சர்டிஃபிகேட் பத்து வருஷத்தில் காலாவதி என்று பயமுறுத்தி ‘ரின்யூவல் செலவு’ கேட்பார்கள், 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பத்து வருஷக் கெடு கிடையாது. ஆனால் படத்தில் எதையாவது வெட்டியோ சேர்த்தோ இருந்தால் மறுபடி சென்சாருக்குக் காட்டியிருக்க வேண்டும். தனுஷ் நடித்த அம்பிகாபதியின் முடிவை 2025-ல் ஏ.ஐ. வைத்து மாற்றி விட்டதற்கு டைரக்டரும் ஹீரோவுமே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தச் சண்டைக்கு நடுவில் நம் தியேட்டர் எதற்கு?

என் கதை ஒன்று. நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது பெட்டி என்றால் நிஜமாகவே தகரப்பெட்டி. ஒரே பிரிண்டை இரண்டு கொட்டாயில் ஓட்டுவோம், இங்கே ஓடி முடிந்த ரீலை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அடுத்த கொட்டாய்க்கு மிதிக்க வேண்டும், சைக்கிள் பஞ்சர் ஆனால் அங்கே விசில் பறக்கும். இப்போது அந்தத் தொல்லை இல்லை என்று இருந்தேன். சில வருஷம் முன்னால் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டருக்கு ஒரு ரீ-ரிலீஸ் படத்தை நான்தான் பேசி முடித்தேன். வெள்ளிக்கிழமை காலை ஸ்பெஷல் ஷோ, 300 பையன்கள் உள்ளே, பால் பாக்கெட், பேப்பர் மூட்டை, எல்லாம் தயார். ஆபரேட்டர் மேலிருந்து எட்டிப் பார்த்துக் கையை விரிக்கிறான். கே.டி.எம்., அதாவது படத்தைத் திறக்கும் டிஜிட்டல் சாவி, 11 மணியிலிருந்துதான் திறக்கும் என்று போட்டிருக்கிறார்கள், எங்கள் காட்சி 8 மணிக்கு. கொடுத்தவர் போன் சுவிட்ச் ஆஃப். பாதிப் பணம் திருப்பிக் கொடுத்தோம், மூன்று சீட்டைக் கிழித்துவிட்டார்கள், கிழிக்காமல் விட்ட சீட்டுகளில் பாலை ஊற்றிவிட்டுப் போனார்கள், ஒரு வாரம் நாறியது.

அதனால் கே.டி.எம். வியாழக்கிழமை மதியத்துக்குள் உங்கள் சர்வரில் ஏறியிருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை அதிகாலையிலிருந்து திறக்கிற மாதிரி இருக்க வேண்டும், இதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். பேப்பர் வீச விடுவீர்கள், விடாமல் இருக்க முடியாது, ஆனால் திரைக்கு முன்னால் நாலடி இடம் விட்டுக் கயிறு கட்டி, இரண்டு ஆளை நிறுத்துங்கள். ஜிகினாத் துண்டு திரையின் ஓட்டைகளில் போய் ஒட்டிக்கொண்டால் ஈரத்துணியால் எடுக்கக் கூடாது, காய்ந்த மென்மையான பிரஷால் மேலிருந்து கீழாக மட்டும் தட்ட வேண்டும்.