4070 போட்டால் பறக்குமா?

வாசகர் கேள்வி – பதில். இந்த இதழில் எடிட்டிங் கம்ப்யூட்டர் பற்றிய கேள்விகள். மும்பை அந்தேரியில் எடிட் ரூம்களுக்கு மெஷின் கட்டித் தந்து, பழுதும் பார்ப்பவர் பதில் சொல்கிறார்.

தாராவி 90 அடி சாலையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வாசகர்: அண்ணே, கல்யாண வீடியோ எடுக்கிறோம். இரண்டு சோனி ஏ7 ஃபோர் கேமரா, 4கே, 25பி (வினாடிக்கு 25 ஃபிரேம்), 10-பிட் 4:2:2. மெஷினில் ஐ5-12400எஃப் சிபியு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம். எடிட்டிங் சாஃப்ட்வேர் பிரீமியரில் மல்டிகேம் (இரண்டு கேமரா காட்சியையும் ஒன்றாக ஓட்டுவது) போட்டால் திக்கித் திக்கி ஓடுகிறது. லாமிங்டன் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் கேட்டால் ‘4070 போடு, பறக்கும்’ என்கிறார்கள். போடலாமா?

வேண்டாம் தம்பி. 4070 என்ன, 4090 போட்டாலும் இந்தத் திக்கல் போகாது. பணத்தைக் கொட்டிவிட்டு அதே திக்கலைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும். அதனால் முதலில் எங்கே அடைக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

டைம்லைனை ஓடவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியுவை (கிராபிக்ஸ் கார்டு) தட்டினால் சில சின்னக் கட்டங்கள் வரும். அதில் ‘வீடியோ டீகோட்’ என்ற கட்டத்தைப் பாருங்கள் (இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கட்டத்தின் தலைப்பைத் தட்டி அதைத் தேர்ந்தெடுக்கலாம்). உங்கள் கிளிப் ஓடும்போது அந்தக் கோடு தரையோடு தரையாகக் கிடக்கும். சிபியு மட்டும் நூறு சதவீதத்தை முட்டிக்கொண்டு நிற்கும். இப்போது மொபைலில் எடுத்த சாதாரண 8-பிட் கிளிப் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். டீகோட் கோடு எழும்பும், சிபியு இறங்கிவிடும்.

கேமரா ஃபைலைச் சுருக்கித்தான் எழுதுகிறது. ஓட்டும்போது ஒவ்வொரு ஃபிரேமையும் விரித்தாக வேண்டும். அதற்கென்றே கிராபிக்ஸ் கார்டுக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 40 சீரிஸ் வரை அந்தப் பகுதிக்கு 4:2:2 (நிற விவரத்தைக் கூடுதலாக வைத்துக்கொள்ளும் பதிவு முறை) தெரியாது. விலை குறைந்த 4060-க்கும் தெரியாது, விலை கூடிய 4090-க்கும் தெரியாது. அதனால் மொத்தச் சுமையும் சிபியு தலையில் விழுகிறது. உங்கள் சிபியுவில் இருப்பது ஆறே கோர். இரண்டு கேமராவை அது ஒன்றாக இழுக்கத் திணறுகிறது, அவ்வளவுதான்.

காசில்லாத வழி பிராக்ஸி, அதாவது எடிட் பண்ண மட்டும் ஒரு லேசான காப்பி. பிரீமியரில் ஃபுட்டேஜ் ஏற்றும்போதே 1080 அளவில் புரோரெஸ் பிராக்ஸி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். 25பி-யில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 17 ஜிபி பிடிக்கும். ராத்திரி போட்டுவிட்டுப் போனால் காலையில் தயாராக இருக்கும். எக்ஸ்போர்ட் ஒரிஜினலில் இருந்துதான் போகும், தரம் ஒரு துளியும் குறையாது. பிராக்ஸி என்றாலே ஏதோ ஏழை வேலை என்று நினைப்பவர்கள் நம் ஆட்களில் நிறைய. அந்த எண்ணத்தை விடுங்கள். பெரிய படங்களைக்கூட எடிட்டர்கள் லேசான காப்பியை வைத்துத்தான் வெட்டுகிறார்கள்.

‘கேமராவில் எக்ஸ்ஏவிசி எச்எஸ் போட்டு, எஃப் இல்லாத இன்டெல் சிபியு மாட்டு’ என்றும் சிலர் சொல்வார்கள். பாதி சரி. எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது கேமராவின் ஒரு பதிவு வகை, ஹெச்இவிசி முறையில் சுருக்கும். அதன் 4:2:2-வை 11-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல்லின் டெஸ்க்டாப் சிபியுக்களில் உள்ள இன்பில்ட் கிராபிக்ஸ் நன்றாக விரிக்கும். பெயரில் எஃப் இருந்தால் அந்த இன்பில்ட் கிராபிக்ஸே கிடையாது. ஆனால் உங்கள் கேமராவில் 4கே எச்எஸ்-க்கு 25பி இல்லை, 50பி-தான். வேலை முறையையே மாற்ற வேண்டிவரும். இப்போது நீங்கள் எடுக்கும் எக்ஸ்ஏவிசி எஸ் என்பது ஹெச்.264 என்ற இன்னொரு சுருக்கும் முறை. அதன் 10-பிட் 4:2:2-வை உங்கள் போர்டில் உட்காரும் எந்த இன்டெல் சிபியுவும் இப்படி விரிக்காது.

கார்டுதான் மாற்றுவேன் என்றால் 50 சீரிஸுக்குப் போங்கள். 2025-ல் வந்த அந்தக் கார்டுகள் ஹெச்.264, ஹெச்இவிசி இரண்டிலும் 4:2:2-வை விரிக்கும். பிரீமியரும் அதே ஆண்டு அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. உங்கள் வேலைக்கு 4070-ஐ விட ஒரு 5060 உருப்படியான பொருள். வைகாசி முகூர்த்தங்களைப் பிராக்ஸியில் ஓட்டிவிட்டு ஆடியில் மாற்றுங்கள். ஆடியில்தானே நமக்குக் கல்யாணம் இல்லை! முகூர்த்த நேரத்தில் மெஷினைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

செம்பூர் வாசகி: ஐ7-14700கே, ஆர்டிஎக்ஸ் 4070 மெஷின். எக்ஸ்போர்ட் போட்டால் பாதியில் பட்டென்று அணைந்துவிடுகிறது. புளூ ஸ்கிரீன்கூட வருவதில்லை. ஹீட் என்று சொல்லி கூலரை மாற்றச் சொல்கிறார்கள். 600 விஏ யூபிஎஸ்தான் இருக்கிறது.

கூலரை இப்போதைக்கு விடுங்கள் அம்மா. சூடானால் இந்தச் சிபியு முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நூறு டிகிரியை நெருங்கினால் எக்ஸ்போர்ட் இழுக்கும், ஒரேயடியாக அணைவது அபூர்வம். பட்டென்று அணைந்தால் என் கண் முதலில் கரன்ட் பக்கம்தான் போகும். உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே பதிலும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

14700கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். 4070-க்கு 200 வாட். மானிட்டர், டிஸ்க், ஃபேன் எல்லாம் தனி. 600 விஏ என்று பெரிதாக எழுதியிருக்கும் யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். பின்பக்க ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பிரவுசர் பார்க்கும்போது தாங்கும். எக்ஸ்போர்ட்டில் சிபியுவும் கார்டும் ஒன்றாக எழுந்தால் கையை விரித்துவிடும்.

சோதிப்பது சுலபம். யூபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு, நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி அதே எக்ஸ்போர்ட்டைப் போடுங்கள். முடிந்துவிட்டால் யூபிஎஸ்தான் குற்றவாளி. அப்போதும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ்மேல் (மெஷினுக்குள் கரன்ட் தரும் பெட்டி) சந்தேகப்படுங்கள். தெரிந்தவரிடம் நல்லதாக ஒன்று இரவல் வாங்கி மாட்டிப் பார்த்த பிறகே புதிது வாங்குங்கள். ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று வருவதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் கேட்காதீர்கள். கம்ப்யூட்டர் ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. புது யூபிஎஸ் வாங்கும்போது விஏவைப் பார்க்காமல் வாட்டைப் பாருங்கள். 800 வாட்டுக்குக் குறையாமல், சைன் வேவ் (சுவர் கரன்ட்போலச் சீரான அலை) தருவதாக இருக்கட்டும்.

உங்களுடையது 14-ஆம் தலைமுறை ‘கே’ என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 13, 14-ஆம் தலைமுறைச் சிபியுக்கள் சில, வோல்டேஜ் கூடிப்போய் நாளடைவில் கெட்டன. அதைத் தடுக்க 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் திருத்தம் வெளியிட்டது. அது பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட்டாகத்தான் வரும். உங்கள் பயாஸ் அதற்கு முந்தையது என்றால் இன்றே ஏற்றுங்கள், ஆனால் அந்த யூபிஎஸ்ஸை நம்பி ஏற்றாதீர்கள்! பெட்டியோடு வாங்கிய சிபியுவுக்கு வாரன்டியை ஐந்து ஆண்டாக நீட்டியிருக்கிறார்கள். ஜிஎஸ்டி பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

மாஹிம் வாசகர்: மழைக்காலம் வந்தால் காலையில் டிஸ்ப்ளே வருவதில்லை. ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு.

கடற்கரை ஊரில் இது வருடா வருடம் வரும் வழக்கு, ஈரக்காற்றில் ரேமின் முனைகள் மங்கிப்போவதுதான் பெரும்பாலும் காரணம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, தங்க நிறப் பல்வரிசையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளப்புப் போய், மூச்சுபட்ட கண்ணாடிபோல மங்கியிருக்கும். சில பற்களின் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகூட இருக்கலாம். வெள்ளை ரப்பரால் அழுத்தாமல் தேய்த்து, துகளைத் துடைத்து, ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்ட துணியால் ஒரு முறை இழுத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். இரண்டு பக்கமும் ‘டிக்’ என்று உட்கார வேண்டும். மழை மாதங்களில் நாள் கணக்கில் அணைத்துப் போடாமல் தினமும் கொஞ்ச நேரமாவது மெஷினை ஓடவிடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் போகும்.

சயான் கல்லூரி மாணவி: அறுபது, அறுபத்தைந்தாயிரத்துக்குள் 4கே எடிட்டிங் கற்றுக்கொள்ள மெஷின் வேண்டும். வீட்டில் பழைய மானிட்டரும் கீபோர்டும் இருக்கின்றன.

மானிட்டர் இருக்கிறது என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்: ஆப்பிளின் எம்4 மேக் மினி. 2024-ல் வந்தபோது 16 ஜிபி மாடல் 59,900 ரூபாய். மாணவர் விலை கேட்டு வாங்குங்கள். 10-பிட் 4:2:2 ஹெச்இவிசியை அது அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும், கரன்ட்டும் அதிகம் இழுக்காது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பு அல்ட்ரா ஹெச்டி (4கே) வரை எக்ஸ்போர்ட் தரும், கற்க அது போதும். குறை இரண்டு. ரேமைப் பின்னால் கூட்ட முடியாது. உள்ளே இருக்கும் 256 ஜிபி ஃபுட்டேஜுக்குக் காணாது, மிச்சப் பணத்தில் வெளியே ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள். இந்தப் பட்ஜெட்டில் செகண்ட்ஹேண்ட் கார்டு போட்டு மெஷின் கட்டித் தருகிறேன் என்று யார் வந்தாலும் இப்போதைக்கு வேண்டாம். பழுது பார்ப்பதிலேயே உங்கள் படிப்பு போய்விடும்.

மாதுங்கா வாசகர்: உறவினர்கள் மொபைலில் எடுத்துத் தரும் வீடியோவில் போகப் போக உதடும் குரலும் விலகுகிறது. ரேம் குறைவா?

ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மொபைல் ஃபிரேம் ரேட்டைக் கூட்டிக் குறைத்து எழுதுகிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்’ போட்டு மாற்றிவிட்டு டைம்லைனில் வையுங்கள்.

தாராவியிலிருந்து இன்னொரு வாசகர்: எல்லா கல்யாணமும் ஒரே 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. வேகத்துக்காக எஸ்எஸ்டிக்கு மாற்றலாமா?

வேகம் இருக்கட்டும், முதலில் இன்னொரு காப்பி. இந்த வாரமே இன்னொரு 4 டிபி டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் காப்பி செய்து, அதை ஸ்டுடியோவில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். தாலி கட்டும் காட்சியைத் திரும்ப எடுக்க முடியாது. கெட்டுப்போன டிஸ்க்கோடு வந்து நிற்கும் ஸ்டுடியோக்காரர்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்குவதில்லை. அடுத்துத்தான் எஸ்எஸ்டி, அதுவும் நடக்கிற வேலைக்கு மட்டும். 1 டிபி என்விஎம்இ (போர்டில் நேராகச் செருகும் எஸ்எஸ்டி) போதும். வினாடிக்கு 140 மெகாபிட் ஓடும் கேமரா ஃபைல் 18 எம்பிகூட வராது, அதை ஹார்ட் டிஸ்க்கே தாங்கும். ஆனால் மல்டிகேமில் ஹார்ட் டிஸ்க்கின் முள் அங்கும் இங்கும் ஓடித் திணறும், எஸ்எஸ்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. முடிந்த வேலையை ஹார்ட் டிஸ்க்குகளுக்கே அனுப்பிவிடுங்கள். மண்டபத்திலிருந்து வந்ததும் கேமராவின் மெமரி கார்டை ஃபார்மட் பண்ணும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். இரண்டு டிஸ்க்கிலும் கிளிப்புகளைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகு ஃபார்மட் பண்ணலாம்.