புளி போட்டுத் தேய்த்த வெள்ளி

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். ஆறு வருடமாகப் பழைய காசு சேர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் சந்தை, இரவில் ஃபேஸ்புக் லைவ் ஏலம். மூன்று பிஸ்கட் டின்னும் இரண்டு ஆல்பமும் நிறைந்துவிட்டன. போன மாதம் மனைவி உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினார். அன்றிலிருந்து, கண்டதையெல்லாம் வாங்காமல் தேர்ந்து வாங்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். ஸ்ட்ரெய்ட்ஸ் காசுகளோடு (வெள்ளைக்காரன் காலத்துப் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்க் காசுகள்) நிறுத்திக்கொள்வதா, மலேசியக் காசுகளா? கிரேடிங் செய்து பெட்டியில் வருபவற்றை மட்டும் வாங்கலாமா? நினைவு நாணயங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன, விற்றுவிடவா? எது பின்னால் விலை ஏறும்?

படங்கள் அனுப்பியுள்ளேன். சதுரமான ஒரு காசு நாணயங்கள் கறுத்துப் போயிருந்தன, புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துப் புதுசாக்கிவிட்டேன். குழுவில் எல்லாரும் பாராட்டினார்கள். ராஜேந்திர சோழன் கடாரம் வென்றபோது வெளியிட்ட செப்புக் காசும் ஒன்று கிடைத்தது, 380 வெள்ளிக்கு (ரிங்கிட்).

க., கோலாலம்பூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கேள்வியாக இல்லாமல் பெருமையாக நீங்கள் எழுதிய ஒரு வரி காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருக்கிறது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எது விலை ஏறும் என்று கேட்பவர்களுக்காக வங்கியில் நிரந்தர வைப்பு என்று ஒன்று இருக்கிறது. பூதக்கண்ணாடி தேவையில்லை, மனைவியும் கணக்குக் கேட்கமாட்டார்.

நினைவு நாணயங்களை வாங்கிய விலைக்கு யாராவது கேட்டால் கொடுத்துவிட்டுக் கும்பிடு போடுங்கள். சேர்ப்பவர்கள் வாங்குவதற்கென்றே நம் மத்திய வங்கியான பாங்க் நெகாரா அவற்றை அடிக்கிறது. வாங்கியவர்கள் எல்லாரும் அட்டையோடு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். எல்லார் வீட்டிலும் பத்திரமாக இருப்பது எப்படி அரிதாகும்? 1969இல் பாங்க் நெகாராவின் பத்தாவது ஆண்டுக்கு வந்த, முதல் பிரதமர் துங்கு முகம் போட்ட ஒரு வெள்ளி இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடிக்கும், காரணம் கேட்காதீர்கள்.

கடாரக் காசு. 380 வெள்ளி! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் எழுத்து. அந்த எழுத்து தமிழ்கூட இல்லை, நாகரி. ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று இருக்கிறது. ராஜராஜன் அப்பா. கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியவன் மகன், 1025 வாக்கில். அப்பா பெயர் போட்ட காசை மகனின் வெற்றிக்கு வெளியிட்டது என்று விற்றவர் துணிச்சல்காரர். வாங்கிய நீங்கள்... சரி, விடுங்கள். சோழர் செப்புக் காசுகளில் இதைவிடச் சாதாரணமானது கிடையாது, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்திருக்கிறது. காசுக்கு ஒரு வாழையிலைச் சாப்பாட்டு விலை கொடுக்கலாம். மிச்சமெல்லாம் நீங்கள் கதைக்குக் கொடுத்தது. கடாரம் என்ற சொல்லைக் கேட்டால் நமக்கெல்லாம் நெஞ்சு விரியும், எனக்கும்தான். அதற்கு, அந்தக் கடாரமான இன்றைய கெடாவில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போய் அந்தப் பழைய கோயில்களின் செங்கல் அடித்தளங்களைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள்.

கிரேடிங் பெட்டி. பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும் அமெரிக்கக் கம்பெனிகள். எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, காசைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். விலை உயர்ந்த காசுக்கு அது நல்லதுதான். ஆனால் பெட்டியையே போலியாகச் செய்கிற காலம் இது. பெட்டிக்காரர்களிடம் எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. கழுவிய காசுக்கு அவர்கள் மார்க் கொடுப்பதில்லை. ‘டீடெய்ல்ஸ்’ என்று எழுதி, பக்கத்திலேயே ‘கழுவியது’ என்றும் போட்டுவிடுவார்கள். காப்பியடித்த பையனின் தேர்வு முடிவை நிறுத்திவைப்பதுபோல.

இப்போது உங்கள் புளிக்கு வருகிறேன்.

புதுசாக்கிவிட்டேன் என்கிறீர்கள். தோலை உரித்துவிட்டீர்கள், தம்பி. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட அந்தச் சதுரக் காசு 1919, 1920, 1926 என்று மூன்றே ஆண்டு தேதியில் வந்தது. மீன் சந்தை, கள்ளுக்கடை, கோயில் உண்டியல், ரிக்‌ஷாக்காரர் மடி என்று நூறு வருடம் சுற்றி, கை வியர்வையும் காற்றும் பட்டுப் பட்டு ஏறிய பழுப்பு அது. புளியில் இருக்கும் அமிலம் அதைக் கொஞ்ச நேரத்தில் கரைத்துவிடும், அடியில் இருக்கும் செம்பையும் லேசாகத் தின்னும். தப்பித்த இடத்தைத் தேய்ப்பு கீறும். பிறகு தெரிவது அச்சிலிருந்து வந்த நாளின் சிவப்பு என்றா நினைத்தீர்கள்? உங்கள் படத்தில் இருப்பது வெந்த இறாலின் நிறம். ஆறு மாதத்தில் அதுவும் திட்டுத் திட்டாகக் கறுக்கும். அப்போது மறுபடி புளி எடுப்பீர்கள்.

புதுக் காசுக்கு ஒரு மினுக்கம் உண்டு. அச்சு அழுத்தும்போது உலோகம் ஓரத்தைப் பார்த்து வழிகிறது, கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகள் விழுகின்றன. ஒற்றை விளக்கின் கீழ் காசைச் சாய்த்து மெதுவாகத் திருப்பினால் ஒளி சக்கரம்போலச் சுற்றிவரும். தேய்த்த காசில் ஒளி சுற்றாது, செத்துப்போய் ஒரே இடத்தில் நிற்கும். அதே சாய்வில், ஒரே திசையில் போகிற மெல்லிய கீறல்களும் தெரியும். இதைப் பார்க்கக் கண் பழகிவிட்டால் நீங்கள் வாங்குவதில் முக்கால்வாசி தானாக நின்றுபோகும். தேர்ந்து வாங்குவது எப்படி என்று கேட்டீர்களே, நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

நம் ஆட்களுக்கு இது கஷ்டம். சைவ சித்தாந்தம் கேட்டு வளர்ந்தவர்கள், செம்பில் களிம்பு என்றாலே ஆணவ மலம். கண்டதும் தேய்க்கக் கை பரபரக்கும். குத்துவிளக்கைத் தேய்க்கிற கை காசையும் தேய்க்கிறது. காசு குத்துவிளக்கு இல்லை என்று யாராவது நமக்குச் சிறு வயதிலேயே சொல்லியிருக்கலாம்.

எனக்குச் சொன்னவர் பாட்டி, ஆனால் காரியம் நடந்து முடிந்த பிறகு.

1967இல் மலேசியாவின் சொந்தக் காசுகள் முதன்முதலாக வந்தபோது எனக்கு ஒன்பது வயது. நாடாளுமன்றக் கட்டடம் போட்ட புத்தம்புதுக் காசுகள். அப்பா கொண்டுவந்து கொடுத்த ஐம்பது காசில் என் மூக்கு தெரிந்தது. பாட்டி கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு வெள்ளி தொங்கும். 1904ஆம் ஆண்டுப் பெரிய ஸ்ட்ரெய்ட்ஸ் வெள்ளி, ஏழாம் எட்வர்டு தலை, மேலே ஒரு வளையம் பற்றவைத்தது. கறுப்பென்றால் கறுப்பு, அடுப்புக்கரி மாதிரி. புதுக் காசைப் பார்த்த கண்ணுக்கு அது அசிங்கமாக இருந்தது. அந்தத் தீபாவளிக்கு விளக்குத் தேய்க்கிற வேலை எனக்கு. பாட்டி குளிக்கப் போகும்போது கயிற்றைக் கழற்றி மாடத்தில் வைப்பார். எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். ராஜாவின் தாடி பளபளத்தது. திரும்ப மாடத்தில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன், கட்டிப்பிடிப்பார் என்று.

பாட்டி எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். “இது யாரோட வெள்ளிடா?” என்றார்.

“உங்களுதுதான் பாட்டி.”

“என்னுது கறுப்பா இருக்கும்.”

அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை. கயிற்றிலிருந்து அவிழ்த்துச் சுருக்குப்பையில் வெற்றிலை, புகையிலை, சுண்ணாம்பு டப்பாவோடு போட்டுக்கொண்டார். மூன்று தீபாவளி கழித்துத்தான் அது திரும்பக் கழுத்துக்கு வந்தது.

அந்த வெள்ளியை எடுத்துவைத்தவர் பாட்டியின் அப்பா, செபராங் பிறையில் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், மகள் பிறந்ததற்கு எடுத்துவைத்தாராம். அதற்குப் பிறகு நடந்தது பாட்டிக்கே தெரியாது, நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1906இல் ஸ்ட்ரெய்ட்ஸ் வெள்ளியின் மதிப்பை இங்கிலாந்துப் பணத்தில் இரண்டு ஷில்லிங் நாலு பென்னி என்று நிலைநிறுத்தினார்கள். உலகச் சந்தையில் வெள்ளி உலோகத்தின் விலை ஏறிக்கொண்டே போக, காசாகக் கொடுப்பதைவிட உருக்கி விற்பது லாபம் என்று ஆகிவிட்டது. அரசாங்கம் பெரிய வெள்ளிகளைத் திரும்ப வாங்கி உருக்கிற்று. 26.95 கிராமாக இருந்ததை 1907இல் 20.21 கிராமாகக் குறைத்து அடித்தது. ஊரெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒரு கரும்புத் தோட்டத்துக் கூலி கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பம்பாயில் அடித்து, கப்பலில் வந்து, உருக்குவதிலிருந்து தப்பி, ஜப்பான்காரன் ஆட்சியில் வாழைமரப் படம் போட்ட நோட்டும் வந்து மதிப்பற்றுப் போனதைப் பார்த்து, கடைசியில் ஒன்பது வயதுப் பையன் கையில் புளியோடு மாட்டிக்கொண்டது. இன்றைக்கும் நாம் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறோம், ஒரு பொட்டு வெள்ளிகூட அதில் இல்லை. அந்தச் சொல்லுக்கு உரிய பொருள் பாட்டி கழுத்தில் தொங்கியது.

பாட்டி போன பிறகு அது என்னிடம் வந்தது. பின்னாளில் எனக்கும் உங்களைப்போலவே காசுப் பைத்தியம் பிடித்தது. பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் தரையில் துணி விரித்து உட்கார்ந்திருந்த ஒரு சீனத் தவுக்கேயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். (கூலிட் என்றால் மலாயில் தோல். இதை நான் கவனிக்கவே இருபது வருடமாயிற்று.) ஓரத்தைப் பிடித்து வெயிலில் ஒருமுறை சாய்த்தார். “சுடா சூச்சி,” என்றார். கழுவியாச்சு. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, திரும்பக் கறுத்தும்விட்டது, அப்படியும் கண்டுபிடித்துவிட்டார். “சியாப்பா சூச்சி?” என்று கேட்டார். யார் கழுவியது? “சாயா,” என்றேன். நான்தான். சிரித்தார். வளையம் போட்ட காசு, கழுவிய காசு, உருக்குகிற விலைதான் தருவேன் என்றார். நான் கொடுக்கவில்லை.

அவர்தான் எனக்கு ஆசிரியர். அதே சதுரக் காசு பன்னிரண்டை ஒரு தட்டில் போட்டு நல்லதிலிருந்து கெட்டதுவரை வரிசையாக வை என்றார். பளபளப்பானதை முதலில் வைத்தேன். ஒன்றும் பேசாமல் அதை எடுத்துக் கடைசியில் வைத்தார். அடுத்த ஞாயிறும் அதே தட்டு. எனக்கு எதையும் விற்கவில்லை, கேட்டாலும் “பெலும்,” இன்னும் இல்லை, என்பார். ஐந்தாவதோ ஆறாவதோ ஞாயிறு, பழுப்பாக, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பழைய சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றை முதலில் வைத்தேன். அன்றைக்கு அதை எனக்கு விற்றார். இரண்டு வெள்ளியோ என்னவோ. அதற்குப் பிறகு வருடத்துக்கு நாலைந்துக்கு மேல் நான் வாங்கியதில்லை. மனக்கட்டுப்பாடு என்று நினைக்காதீர்கள், மற்றவற்றைப் பார்த்தால் ஆசையே வருவதில்லை.

உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஆல்பத்தின் பக்கங்களை முகர்ந்து பாருங்கள். புது ஷவர் திரை மாதிரி வாசம் அடித்தால் அது மெது பிவிசி பிளாஸ்டிக். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது கசிந்து காசின்மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். காசுகளை இன்றைக்கே வெளியே எடுங்கள். அந்தப் பிசுக்குக்குச் சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுத்தால் போதும், தேய்க்காதீர்கள். வெறும் அழுக்குக்குக் காய்ச்சி வடித்த நீர். பொடிப் பொடியாக உதிர்கிற வெளிர்பச்சைக் களிம்பு வேறு சமாச்சாரம், அது காசைத் தின்னும், அதைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். வேறு எதையும் எதற்கும் செய்யாதீர்கள். பல்பசையும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம், உங்கள் குழுவில் பாராட்டியவர்களின் யோசனை எதுவும் வேண்டாம்.

வெள்ளிக் காசு வாங்குவதானால் கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டுகிற சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய வெள்ளி 26.95 கிராமுக்கு வெகுவாகக் குறைந்தாலோ, காந்தத்தில் ஒட்டினாலோ, பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்ட்ரெய்ட்ஸா மலேசியாவா என்று கேட்டிருந்தீர்கள். எதுவானால் என்ன.

புளி படாத சதுரக் காசு இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். பினாங்குக்கு வந்தால் அவற்றையும் கழுவியவற்றையும் கலந்து எடுத்துவாருங்கள். தட்டு என்னிடம் இருக்கிறது.