செப்டம்பர் முதல் வாரத்தில் ஆண் எல்க்கை எங்கே தேடுவது?

கேள்வி: அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வில் வேட்டைப் பருவம் தொடங்கும் வாரத்திலேயே போகிறேன். அப்போது ஆண் எல்க்குகள் (எல்க் ஒரு பெரிய மான் இனம்) அதிகம் கூவாது என்கிறார்கள். தடயங்களை மட்டும் வைத்து அவை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். அந்த வாரத்தில் காதைவிடக் கண்ணும் மூக்கும்தான் அதிகம் உதவும். நானும் கொலராடோ மலைகளில் வில்லோடு போகிறவன். புதிதாக வருகிற பலரும் தடயம் நிறையக் கிடக்கிற இடத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த மாநிலத்தில் சுமார் 2,80,000 எல்க் இருக்கின்றன, தடயத்துக்குப் பஞ்சமே இல்லை. அது எப்போது விழுந்தது, ஆணுடையதா பெண்ணுடையதா, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் பிற்பாதியில் கொம்பைப் போர்த்திய தோல் உரிந்துவிடும். இணை சேரும் உச்சகட்டம் செப்டம்பர் மூன்றாம் வாரத்தை ஒட்டித்தான் வரும். நீங்கள் போகும் நேரத்தில் ஆண்களில் பல இன்னும் பெண் கூட்டத்தோடு சேர்ந்திருக்காது. இரண்டு மூன்றாகவோ தனியாகவோ, பெரும்பாலும் மேலே, மரங்கள் முடிகிற எல்லையை ஒட்டிய புல்வெளிகளில் மேய்ந்துகொண்டிருக்கும். அதனால் ஒரு புல்வெளியில் பெரிய குளம்படிகளோடு கன்றுகளின் சின்னக் குளம்படிகளும் கலந்து கிடந்தால் அது பெண்களின் கூட்டம். அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு மேலே ஏறுங்கள்.

வளர்ந்த ஆணின் குளம்படி நான்கு அங்குலத்துக்கு மேல் நீளமாக, முனை கொஞ்சம் மழுங்கி இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: தேசிய வனங்களில் கோடையில் மாடுகளை மேய விடுவார்கள். மாட்டுக் குளம்படி இன்னும் அகலமாக, வட்டமாக இருக்கும். சந்தேகம் வந்தால் தடத்தோடு கொஞ்ச தூரம் போங்கள், சாணியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

புழுக்கையை வைத்து நாளைக் கணிப்பது பழகப் பழக வரும். கோடைப் பச்சைப் புல் தின்கிற காலத்தில் அது தனித்தனி உருண்டையாக இல்லாமல் ஒட்டிக்கொண்டு குவியலாகவும் விழும். புதியது பளபளப்பாக, கரும்பச்சையாக இருக்கும். வெயிலில் மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்துவிடும், நிழலில் நாள் கணக்கில் ஈரம் நிற்கும். அதனால் மேல்தோற்றத்தை நம்பாமல் ஒரு குச்சியால் உடைத்து உள்ளே பாருங்கள். இன்னொரு நல்ல கடிகாரம் மழை. கோடை முடிகிற காலத்தில் ராக்கி மலைகளில் பிற்பகல் இடிமழை சாதாரணம். கடைசி மழை எப்போது பெய்தது என்று நினைவில் வையுங்கள். குளம்படிக்குள் மழைத்துளி விழுந்த குழிகள் இருந்தால் அது மழைக்கு முந்தையது. விளிம்பு கூர்மையாக இருந்தால் மழைக்குப் பிறகு நடந்திருக்கிறது.

ஆணுக்கே உரிய தடயம் கொம்பு உரசிய மரம். பட்டை உரிந்த இடத்தில் பிசின் இன்னும் ஈரமாக இருக்கிறதா, ஒடிந்த கிளையின் இலை வாடாமல் இருக்கிறதா, கீழே விழுந்த பட்டைத் துணுக்குகள் வெளிறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய ஆண் மெல்லிய மரக்கன்றையும் உரசும், ஆனால் சின்ன ஆண் தடித்த மரத்தைத் தொடுவது அபூர்வம். பிசின் இறுகிச் சாம்பல் நிறமான பழைய உரசல்கள் ஒரே பகுதியில் பல வருடத்தவையாக இருந்தால், அது பெரும்பாலும் இணை சேரும் காலத்தில் ஆண்கள் திரும்பத் திரும்ப வருகிற இடம். முதல் வாரத்துக்கு அது உதவாது. ஆஸ்பென் மரங்களில் வாய் உயரத்தில் தெரிகிற கறுத்த தழும்புகளையும் உரசல் என்று எண்ணிவிடாதீர்கள். அவை குளிர்காலத்தில் பசிக்குப் பட்டையைக் கடித்துத் தின்ற அடையாளம்.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் சேற்றுக் குழி. ஊற்றுக் கசிவு உள்ள இடத்தில் ஆண் எல்க் தன் மூத்திரத்தையே பெய்து அந்தச் சேற்றில் புரளும். தண்ணீர் தெளிந்து பாசி படர்ந்திருந்தால் அண்மையில் எதுவும் வரவில்லை. கலங்கி, சுற்றியுள்ள புல்லில் ஈரச் சேறு அப்பியிருந்து, மாட்டுத்தொழுவம் போல வாடை அடித்தால் சத்தம் போடாமல் நில்லுங்கள். படுக்கை அதிக தூரத்தில் இருக்காது. வெயில் நாளில் அவை வடக்குச் சரிவின் அடர்ந்த ஸ்புரூஸ், ஃபிர் மரங்களுக்குள், சரிவில் தட்டையாக இருக்கிற படி போன்ற இடங்களில் படுக்கும். புல் நசுங்கிய படுக்கையின் நடுவில் மூத்திரம் இருந்தால் ஆண், பின் ஓரத்தில் இருந்தால் பெண் என்று பொதுவாகச் சொல்லலாம்.

படுக்கைக்குள் நுழையாதீர்கள். ஒருமுறை மனித வாடை பிடித்துவிட்டால் அது மலையின் அடுத்த பக்கம் போய்விடும். காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே எழும், மாலையில் மறுபடி இறங்கும். காற்று இறங்கும்போது எல்க்குக்குக் கீழேயும், எழும்போது அதற்கு மேலேயும் இருங்கள். பக்கவாட்டில் அணுக முடிந்தால் இன்னும் நல்லது. அம்புக்கு 40 கஜத்துக்குள் வந்தாக வேண்டும். காயப்பட்டு ஓடி வதைபடாமல் ஒரே அம்பில் முடிக்க, கிட்டப் போகிற பொறுமை கட்டாயம் வேண்டும்.

ஒரு பள்ளத்தாக்கில் பார்க்கிறதெல்லாம் காய்ந்ததாகவே இருந்தால் அங்கே நாட்களை வீணாக்காமல் அடுத்த சரிவுக்கு மாறுங்கள். செப்டம்பர் நடுவரை தங்குவதாக இருந்தால், முன்பு குறித்து வைத்த அந்தக் கன்றுத் தட புல்வெளிக்குத் திரும்பி வாருங்கள். அதற்குள் ஆண்கள் பெண்களைத் தேடி அங்கே இறங்கியிருக்கும்.